ஈய வில்லை

லூயிஸ் தீவில் மரங்கள் குறைவு.
ஒளிந்துகொள்ள எனக்கு
ஆலயத்தின் கடைசி இருக்கைதான்.
முப்பத்தெட்டு வருஷம்.

வருஷத்துக்கு இரண்டு முறை திருவிருந்து.
வியாழனன்றே கடைகளை அடைத்துவிடுவார்கள்.
ஈரக் கம்பளி மேலங்கிகள், பாச்சை உருண்டை வாசம்,
முன்பாடகர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க
அதை அலைபோல இழுத்து இழுத்து
கரைக்குக் கொண்டுவரும் சபை.
நானும் பாடுவேன்.
பாட வில்லை வேண்டாம்.
பந்திக்கு வேண்டும்.

பெருவிரல் நகமளவு ஈயம்.
சனிக்கிழமை மூப்பர்கள் கொடுப்பார்கள்,
தெரிந்துகொள்ளப்பட்டோம் என்று
துணிந்து கை நீட்டுகிறவர்களுக்கு.
நான் நீட்டியதில்லை.
கேட்டால் முழங்கால் வலி என்பேன்.

முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.
பதினோரு பவுண்டு.

ஹெரிங் மீன் கொழித்த கடைசி வருஷம்
ஊஷ்ஜன் எங்கள் படகிலிருந்து விழுந்தான்.
அவன் பங்கை அவன் மனைவி கோர்மேலியாவிடம்
சேர்த்துவிடு என்று தந்தார் படகுக்காரர்.
போனேன்.
விளக்கு அணைந்திருந்தது.
நாளைக்கு ஆகட்டும் என்று திரும்பினேன்.
நாளை ஒரு பசுவாக மாறிவிட்டது.
நல்ல பசு. ஒன்பது வருஷம் கறந்தது.
என் பிள்ளைகளின் எலும்பில் இருக்கிறது
அந்தப் பால்.

இந்தத் தை மாதம் கோர்மேலியா போனாள்.
முறை வைத்துச் சுமந்தோம்.
என் முறை வந்தபோது பெட்டி
சரியாகப் பதினோரு பவுண்டு கனத்தது.

சனிக்கிழமை ஈவரிடம் சொல்லிவிட்டேன்.
ஆட்டு மருந்து நாறும் கையால்
டப்பாவைத் திறந்தபடியே கேட்டார்.
பசுவின் நிறத்தைக்கூடச் சொன்னேன்.
“நான் பாத்திரவான் என்று
எவனாவது வந்து நின்றால்
இந்த டப்பாவை மூடிவிடுவேன், தோர்மோத்” என்றார்.
பிறகு ஒரு காகிதத்தில் எழுதினார்:
கிளாஸ்கோவில் அவள் மகளின் முகவரி.
“இது திங்கட்கிழமை வேலை.
அதைச் செய்துவிட்டு இங்கே வா என்று
நான் சொல்லவில்லை. ஆனால் செய்.”

ஈயாதவன் கையில் ஈயம்.
இதைத்தானே வலையடியில் கட்டினோம்,
மூழ்கட்டும் என்று.
சட்டைப் பையில் இரவெல்லாம் கிடந்தது
என் சூட்டை வாங்கிக்கொண்டு.

ஞாயிறு. வெள்ளை விரிப்பு.
வில்லையை மூப்பர் திருப்பி வாங்கிக்கொண்டார்.
ரொட்டி கைமாறி வந்தது.
வானம் திறக்கவில்லை.
கண்ணீர்கூட இல்லை, மூக்குதான் ஒழுகியது,
குளிருக்கு.
மென்றேன்.
கீழ்த்தாடையில் பல் போன இடத்தில்
ஒரு துணுக்கு தங்கிவிட்டது.

இப்போது இரவு.
கூரைத் தகரத்தைக் காற்று பிடித்து ஆட்டுகிறது.
மேசையில் கிளாஸ்கோ முகவரி.
மன்னித்தாரா, மெய்யாகவே மன்னித்தாரா என்று
நெஞ்சைத் தடவிப் பார்க்கிறேன்.
பழைய ஆள்தான் உள்ளே. பழைய பசுதான்.

நாக்கு தானாகப் போய்த்
தொட்டுப் பார்க்கிறது.

இருக்கிறது.