சனிக்கிழமை

சாங்கியில் எனக்கு இரவுப் பணி.
விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுப்பவன்.
இங்கிருந்து நியூயார்க்,
உருண்டையின் மேல் நூல் பிடித்தால்
பதினைந்தாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், சற்றுக் கூடும்.
நூல் பிடித்து யாரும் பறப்பதில்லை.
ஜப்பான் தாண்டிப் பின்காற்றைத் தேடிப் போய்
அது தள்ளும் பக்கம் வளைந்தால்
ஆயிரம் கிலோமீட்டர் கூடினாலும்
முன்னதாகவே போய்ச் சேரலாம்.
புதிதாய் வரும் பையன்கள் இதை நம்ப
ஒரு வாரம் ஆகும்.

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும்.
எதற்கும் இருக்கட்டும் என்று கூட ஊற்றினால்
கூட ஊற்றியதில் ஒரு பங்கு
அதைத் தூக்கியே தீர்ந்துபோகும்.
சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது
"உங்க கவலை மாதிரி" என்றாள் தவச்செல்வி,
மீன் தலையை என் தட்டுக்குத் தள்ளியபடி.

செப்டம்பரில் ஒரு செவ்வாய் இரவு
அவள் போன விமானத்துக்கும் நான்தான் வழி போட்டேன்.
பயணிக்கு இவ்வளவு என்று
சராசரி எடை ஒன்று வைத்திருக்கிறோம்.
அந்த எண்ணுக்குள் அடங்கிப் போனாள்:
வலது முழங்கால் வலி,
அறுவை முடிந்து படுத்திருக்கும் தங்கைக்குப் பூண்டுப் பொடி,
வாசலில் என்னிடம் சொல்ல வந்து
சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பி
ஆறே காலுக்கு இறங்கினாள்.
ஆறே முக்கால் மணி நேரம்கூட இல்லை
என்கிறது பயணச்சீட்டு.
கூசாமல் பொய் சொல்லும் காகிதம்.
இடையில் பன்னிரண்டு மணி நேரத்தை
விழுங்கியிருக்கிறது.

அதில் ஒரு வசதியும் இருந்தது.
முஸ்தபாவில் வாங்கிய அடுக்களைக் கடிகாரம்
இரண்டு ஊருக்கும் போதுமானதாய் இருந்தது.
எனக்கு ஏழென்றால் அவளுக்கும் ஏழு,
வெளிச்சம் மட்டும் வேறு.
தினமும் மாலை ஏழுக்கு அழைப்பேன்,
அவள் காலைக் காப்பியோடு இருப்பாள்.

நவம்பர் முதல் ஞாயிறு
அங்கே முள்ளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.
நம்மூரில் நேரத்தை யாரும் தொடுவதில்லை,
எனக்கு நினைவில்லை.
"மணி ஆறுதாங்க", தூக்கம் கலையாத குரல்.
அதுவரை தெரியாத தூரம்
அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

திரும்பும் வழியை நந்தகோபால் போட்டான்.
எனக்கு ஓய்வுநாள்.
வெள்ளி இரவு ஏறியவள்
ஞாயிறு காலைதான் இறங்குவாள்.
நடுவில் ஒரு சனிக்கிழமை
எந்த ஊர் மண்ணிலும் அவள் காலில் படாது.

அதை நான் செங்காங்கில் வாழ்ந்தேன்.
மின்தூக்கி பழுது, பதினோரு மாடி நடை.
மூன்று மணிக்கு மழை,
மூங்கில் கழியில் அவளது நீலப் புடவை
காய்வதற்குள் மறுபடி நனைந்தது.
கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம்,
இருட்டும்வரை கொம்பாங் கொட்டு.
மாப்பிள்ளையின் அத்தை
என்னைப் பிடித்து உட்கார வைத்துப் பரிமாறினார்,
மனைவிக்கும் ஒரு பொட்டலம் கட்டினார்.

வருகைக் கூடத்தில்
தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் கேட்டாள்:
"இன்னிக்கு என்ன கிழமை?"
ஞாயிறு.
"அப்ப சனிக்கிழமை?"

வீட்டில் இருக்கிறது என்றேன்.
குளிர்பெட்டியில், மேல் தட்டில்.
சுட வைத்துத் தருகிறேன், வா.