பயணிகளின் கவனத்திற்கு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில்
என் குரலை எல்லாருக்கும் தெரியும்.
பாசையூர் மீன்காரிக்கு,
கம்பஸ் பெடியளுக்கு,
கண் கிளினிக்குக்கு வந்து
எந்தப் பக்கம் போவதென்று நிற்கிற
வேலணை மனிசனுக்கு.
என்னைத் தெரியாது.

கண்ணாடியின் பாதிக்குப் பச்சை மை பூசின
ஆறடிக்கு நாலடி அறை.
அதற்குள் இருந்துதான்
750 பருத்தித்துறை புறப்படத் தயார் என்கிறேன்.
குறிகட்டுவான் பஸ் பிந்தும் என்கிறேன்.
அடையாள அட்டையைத் தவறவிட்ட
நாகமுத்து கணேசபிள்ளையை
மூன்று தரம் கூப்பிடுகிறேன்.
பதினொரு வருசம்.
ஒரு நாளும் நாக்குப் பிறழவில்லை.

ஆனால் நான் யாரென்றால்,
ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில்
பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே,
நடுநிலை தவறாத நடுவர்களே,
ஆசிரியர்களே, சக மாணவிகளே என்று
எல்லாரையும் விளித்து முடித்த பிறகு
சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றவள்.
தலைப்பு: நீர்வளம் காப்போம்.
மணி அடிக்கும்வரை நின்றேன்.
முன்வரிசையில் ஒருத்தி இருமினாள்.
அந்த இருமல்
இப்பவும் சிலவேளை கேட்கும்.

"பெண்டுகளின்ரை பிரச்சினையை
நீங்களே சொல்லுங்கோ, ஜெயவதனி.
குரல்வளம் உள்ள ஆளெல்லோ"
என்றார் சங்கச் செயலாளர்.
பெயரில் மட்டும்தான் எனக்கு வதனம்
என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

பிரச்சினை சின்னது.
எங்களுக்கென்று ஒரு மலசலகூடம்.
இருப்பதற்குத் திறப்பில்லை,
திறப்பு இருக்கிற நாளில் தண்ணியில்லை.
விடிய ஐந்தரைக்கு வாறவள்
பத்து மணிக்கு வீதியைக் கடந்து
ஆஸ்பத்திரிக்குள்
நோயாளி மாதிரி நுழைவாள்.
நான் அதுவும் செய்வதில்லை.
மத்தியானம்வரை ஒரு சொட்டும் குடிக்கமாட்டேன்.
வறண்ட தொண்டையால்தான்
தினமும் இந்த ஊரை
வழியனுப்பி வைக்கிறேன்.

மூன்று இரவு கண்ணாடிக்கு முன்னால்
கதைத்துப் பார்த்தேன்.
"ஆரோடை சண்டை?" என்று
மனிசன் நித்திரையில் கேட்டார்.

மண்டபத்தில் நூற்றைம்பது பிளாஸ்டிக் கதிரை.
சாரதிமார், நடத்துனர்மார்,
கொழும்பிலிருந்து வந்த வெள்ளைச் சட்டை ஒன்று.
அவ்வளவு பேருக்கும் கண் இருந்தது.
கையிலிருந்த கடதாசி
எனக்கு முன்னரே
படபடவென்று பேசத் தொடங்கியது.
"கௌரவ..." என்றேன்.
ஆரோ இருமினான்.

நின்றேன்.
ஒரு கேகேஎஸ் பஸ்
நிரம்பிப் புறப்படுகிற நேரம் நின்றேன்.
(அரை நிமிசம்தான் என்று பிறகு சொன்னார்கள்.)

துணிவு வந்தது என்று எழுத விருப்பம்.
வரவில்லை.
திரும்பி நின்றேன்.
அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டி
பூச்சு உரிந்த மஞ்சள் சுவரைப் பார்த்தேன்.
வாய் தன் பாட்டில் திறந்தது:

"பயணிகளின் கவனத்திற்கு.
யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கடமையாற்றும்
பதினேழு பெண்கள்
காலை ஐந்து முப்பதிலிருந்து
தரித்து நிற்கின்றனர்.
அவர்களுக்குரிய மலசலகூடம்
இதுவரை வந்து சேரவில்லை.
தாமதத்திற்கு..."

அந்த இடத்தில் 'வருந்துகிறோம்' என்பதுதான் வழமை.
ரயர் வெடித்ததற்கும்
மழைக்கும்
டீசல் இல்லாததற்கும்
பதினொரு வருசமாக நான்தான் வருந்தினேன்.
சொல் தொண்டை மட்டும் வந்து
வெளியே வரமாட்டேன் என்றது.

முகத்தைத் திருப்பினேன்.

"தாமதத்திற்கு
ஆர் வருந்தப் போறியள்?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும்பியது.
அது பாதியில் நின்றது.
வெள்ளைச் சட்டையின் காதுக்குள்
ஒருவர் குனிந்து
மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.
கனநேரம் மொழிபெயர்த்தார்.

முழங்கால் அப்பவும் என் சொல் கேட்கவில்லை.
மேசையில் ஆருக்கோ வைத்திருந்த
தண்ணிப் போத்தலை எடுத்தேன்.
மூடியைத் திருகக் கை வழுக்கியது.
காலை பத்து இருபது.
எல்லாரும் பார்த்திருக்க,
அரைவாசி சேலையில் ஊத்துப்பட,
அடிமட்டும் குடித்தேன்.