தாள் நாற்பத்தேழு

பதினோரு வருடமாக
ஆறுகள் வரைவது என் வேலை.
திபிலீசியில், நிலவரைபட அலுவலகத்தின் நாலாவது மாடியில்,
ஹீட்டருக்கு இரண்டு மேசை தள்ளி.

பேராற்றுக்கு இரட்டைக் கோடு.
கிளையாற்றுக்கு ஒற்றை.
கோடையில் வற்றுவதென்றால் விட்டுவிட்டு.
தாள் நாற்பத்தேழில், சுவனேத்தி மலைச்சரிவில்,
பெயர்கூட இல்லாத ஒன்றுக்கு
மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீலம்.
ஒரு தும்மலில் தாண்டிவிடலாம்.

மே மாதம் ஒரு கடிதம் வந்தது.
மாடு மேய்க்கும் ஜோகியா என்பவர் பென்சிலில் எழுதியிருந்தார்:
"நீங்கள் போட்டிருக்கும் பாலம் இங்கே இல்லை.
இருந்ததும் இல்லை.
போன வருடம் அதைத் தேடி வந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்
என் கொட்டகையில் மூன்று நாள் தங்கினார்கள்.
நிறையச் சாப்பிடுகிறார்கள்."

பாலத்தை அழிக்க ஒரு ரப்பர் போதும்.
ஆனால் படிவத்தில்
'நேரில் சரிபார்த்தவர்' என்றொரு கட்டம் உண்டு.
பதினோரு வருடமும் அதில்
என் கையெழுத்துதான் இருந்தது.

போனேன்.

மதியம் இரண்டு மணி.
முதலில் சத்தம் வந்தது.
நீரின் சத்தமல்ல.
அடியில் கற்கள் உருண்டு
ஒன்றையொன்று கடிக்கிற சத்தம்.
நீலம் எங்கேயும் இல்லை.
சிமெண்ட் கரைத்த நிறம்.

அக்கரையில் ஜோகியா, பக்கத்தில் ஒரு செவலைப் பசு.
ஏதோ கத்தினார். இரண்டு கையையும் வீசினார்.
வா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.
(வராதே என்றிருக்கிறார்.
மலையில் இரண்டுக்கும் ஒரே கைதான் போல.)

பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினேன்.
ஆழம் தெரியாமல்
காலை விட்டேன்.

முழங்காலுக்கு மேலே நான் இருந்தேன்,
கீழே குளிர் மட்டும் இருந்தது.
பல்லுக்கு வருகிற கூச்சம்
எலும்புக்கும் வருமென்று அதுவரை தெரியாது.
மூன்றாவது அடியில் மிதித்த கல்
நகர்ந்தது,
யாரோ நிற்கிறாளே என்று பாராமல்.

எழுந்தபோது ஒரு பூட்ஸ் இல்லை.
தாள் நாற்பத்தேழு சட்டைப்பையிலிருந்து விடுபட்டு
மல்லாந்து மிதந்து போனது.
ஒவ்வொரு வளைவிலும் சரியாகத் திரும்பியது.
வளைவுகள் நான் வரைந்தவை.
அவற்றில் பிழை இல்லை.

புறப்பட்ட கரையிலேயே,
மாற்றுத்துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில்,
தூங்க முடியாததால்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பத்து மணிக்குக் கற்கள் பேச்சைக் குறைத்தன.
இரண்டு மணிக்கு நீர் மட்டும்.
மேலே பனி இறுகிக் கிடந்த விடியலில்
கணுக்காலளவுக்கு இறங்கியிருந்தது அது.
ஆறு மணிக்கு அந்த ஆற்றை
ஒற்றைப் பூட்ஸோடு நடந்து கடந்தேன்.
எனக்கு முன்னால் நடுவில் நின்று
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது பசு.

ஆக, காலையைத் தவறவிட்டதால்தான்
காலை விட நேர்ந்தது.

ஜோகியா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தார்.
வைத்துவிட்டுப் பசுவிடம் சொன்னார்:
"இவளும் நிறையத்தான் சாப்பிடுகிறாள்."

அலுவலகத்தில் பாலத்தை அழித்தேன்.
கோட்டருகே பொடி எழுத்தில்
'காலை ஆறுக்குள்' என்று எழுதினேன்.
மேலதிகாரி நெஸ்தான் அடித்துவிட்டாள்.
"வரைபடத்துக்கு மணி கிடையாது, லாம்சிரா."
அவள் சொல்வது சரி.

அதே கோடு. அதே நீலம்.
யார் வேண்டுமானாலும் தும்மலில் தாண்டலாம்.
எனக்கு மட்டும்,
பேனா அந்த இடத்துக்கு வரும்போது
மேசைக்கடியில் இடது கால்
தானாக விரல்களை மடக்குகிறது,
நகராத ஒரு கல்லைத் தேடி.

இன்று தாள் நாற்பத்தெட்டு.
பதினேழு ஒற்றைக் கோடுகள்.
படிவத்தில் அந்தக் கட்டத்தை
இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.