இடக்கை

டோருன் நகரத்திலிருந்து பதினோரு பெட்டிகள்
டர்பன் துறைமுகத்தில் இறங்கின.
மூன்று வாரக் கண்காட்சி. இரவுக் காவல் எனக்கு.

முதல் படத்தில் ஒரு செங்கல் கோபுரம்,
கால் வழுக்கிக் கடைசி நொடியில்
சுதாரித்தவனைப் போலச் சாய்ந்து.
அடுத்ததில் விஸ்துலா ஆறு.
உம்கேனிப் பாலத்தில் நின்றது போதாதென்று
இங்கேயும் கொஞ்சம் நின்றேன்.

பிறகு இஞ்சி ரொட்டி அச்சுகள். பேரி மரம்.
ஒன்று மட்டும் கண்ணாடிக்கு வெளியே,
காலையில் வரும் புகைப்படக்காரருக்காக.
குதிரைவீரன். வாள் இடக்கையில்!
இடக்கையால் எழுதியதற்கு
டீச்சரின் ஸ்கேலில் முட்டி வீங்கியவன் நான்.

அப்புறம்தான் உறைத்தது:
செதுக்கியவன் இடவலம் மாற்றி நினைத்திருக்கிறான்.
மாவில் விழுந்தால் வலக்கை.

இரண்டரை மணி.
குடைந்த ரொட்டியில் பீன்ஸ் குழம்பு, என் பனி சௌ.
மூடிபோல் வைத்த வெள்ளைச் சதையில்
குழம்பு படாத பக்கம் பிய்த்து, பிசைந்து
(கேமராவுக்கு எட்டாத மூலை எது என்று தெரியும்)
அழுத்தினேன்.

வந்தான்.
குதிரைக்கு மூக்கு சப்பை. வீரனுக்கு அரை மீசை.
வாள் வலக்கையில், எல்லாரும் விரும்புகிறபடி.

கொஞ்சம் ஏமாற்றம்தான்.
மரத்துக்குள் இருந்தவரை என் ஆள்.

தின்றுவிட்டேன்.
பிடரிமயிரில் ஒட்டிய துகளை
ஊதி ஊதி எடுக்க நாற்பது நிமிடம்.

ஆறு மணிக்குப் பதிவேட்டில்:
‘விசேஷம் ஒன்றுமில்லை. பூபாலன் முனுசாமி.’
எந்தக் கையால் எழுதினேன் என்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.