முப்பது நாளில் எத்தனை நாள்

மேசையில் பேனையைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.
வினிப்பெக்கில், ஜனவரியில்,
வாகனப் பாட்டரியைக்கூட வீட்டுக்குள் எடுத்து வைக்கிற ஊரில்
பேனைக்கு யார் ஆசைப்படப் போகிறார்கள்?

எட்டாவது கேள்வி: வீட்டில் யாரேனும் குடிப்பவர்களா?
அப்பா குடிப்பார்.
குடித்த இரவின் விடியலிலும் எனக்கு முன்னெழும்பி
என் கார்க் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டியிருப்பார்.
'ஆம்' என்ற பெட்டிக்குள் அவரைப் போட்டேன்.
கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

முதற் குளிசை யார் தந்தது?
கார் அடிபட்டபோது வைத்தியர். இருபத்தெட்டு, எண்ணி.
இருபத்தொன்பதாவதை பிரெண்டன் தந்தான்.
காசு வாங்கவில்லை.
அதைவிடப் பெரிய விலை பிறகுதான் தெரிந்தது.

படிப்பை விட்டதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
நவம்பர் முழுக்க ஏழரை மணிக்குப் புத்தகப் பையோடு வெளிக்கிட்டு
மால் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில்
ஒரு பொய்யை நாலு மணி மட்டும் அடைகாத்தேன்.
நல்ல பிள்ளை, வாயே திறக்காது என்று
கோயிலில் என்னைப் புகழ்ந்தார்கள்.

மறுபக்கம்.
உங்களைக் காத்தவை எவை?
குடும்பம், சமயம், விளையாட்டு, பாடசாலை.
பொருந்துவதற்குச் சரி போடவும்.

ஹோதனுக்குப் பெட்டி இல்லை.
பாண் பேக்கரியில் இரவு வேலை, சோமாலியாக்காரி,
சம்பூசாவில் பாதியை எப்போதும் எனக்கென்று கடதாசியில் சுற்றுவாள்.
அன்றைக்குக் கழிவறைக் கதவில் இரண்டே தட்டு.
"திறக்க வேண்டாம். கேட்கிறதுக்குப் பதில் மட்டும் சொல்லு."
கேட்டாள்:
நாலாம் வகுப்பில் எந்த பஸ்ஸில் போனாய்?
கணக்கில் எத்தனை எடுத்தாய்?
உன்ர தமக்கைக்கு எந்தக் கையில் மச்சம்?
ஐம்பது நிமிடம்.
அடுப்பில் எழுபது பாண் கருகியது.
அந்தக் காசைச் சம்பளத்தில் வெட்டினார்கள், அவளுடையதில்.

குளிசை என் உள்ளங்கையில் வியர்த்து
மாவாகிப்போயிருந்தது.

'வேறு' என்ற இடத்தில் ஒரு விரல் நீளக் கோடு.
எழுபது பாண் என்று எழுதினேன்.
தாதி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்,
விளக்கம் கேட்கவில்லை.

முன்பக்கத்துக்குத் திரும்பினேன்.
முப்பது நாளில் எத்தனை நாள்?
ஒன்று என்று போட்டிருந்தேன்.
சங்கிலி எட்டவில்லை. எழும்பி, குனிந்து,
அதை வெட்டி
நாலு என்று எழுதினேன்.