ஒரு அடி தள்ளி

இடவப்பாதி மழை பிடித்தால் குலசேகரத்தில்
சுவர் வியர்க்கும். தீப்பெட்டி நமத்துப்போகும்.
கொடியில் போட்ட சட்டை மூணு நாளாய்
காயலாமா வேண்டாமா என்று தொங்கும்.
எனக்கு மட்டும்
ஈரமே தொடாத ஒரு முழத் துணி வேண்டும்,
தினமும், காலை ஏழரைக்கு.

விரல்நுனியில் தொடங்கி முழங்கை வரை தேய்த்து,
கைகளை உயர்த்தி,
தண்ணீர் முழங்கை வழியே சொட்ட
கதவை முதுகால் தள்ளி உள்ளே போவேன்.
சரணடைய வந்தவள் மாதிரி இருக்கும்
பார்க்கிறவர்களுக்கு.
அங்கி கட்டிய பின்
நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் மட்டுமே நான் சுத்தம்.
முதுகு கணக்கில் இல்லை.
மூக்கு அரித்தால் அது என் மூக்கு இல்லை.

பச்சைத் துணி விரித்த மேசையிலிருந்து
ஒரு அடி தள்ளி நிற்கணும், கையுறை போடாத எல்லாரும்.
சூப்பிரண்டு வந்தாலும் ஒரு அடி.

இந்த மண்ணில் முன்னொரு காலம்
ஆளுக்கு ஆள் அடி அளந்து வைத்திருந்தார்கள்.
எங்கள் ஆட்களுக்கு அளவு பெரிது.
அதை நினைத்தே முதல் வருஷம்
இந்த ஒரு அடியை வெறுத்தேன்.
ஆனால் இது யார் மகள் என்று கேட்பதில்லை.
டாக்டர் பத்மதாஸின் முழங்கை பட்டாலும் தீட்டு,
என் முழங்கை பட்டாலும் அதே தீட்டு.
முழுக்குப் போட்டால் தீராது.
வேறு கையுறைதான்.

அன்றைக்கு யேசுவடியான். பொன்மனைப் பக்கம் பால்வெட்டு.
வாளி சுமந்து சுமந்து குடல் இறங்கிவிட்டது.
முதுகில் ஊசி போட்டு, கால் மரத்து,
"எக்கா, எனக்க காலு எங்க கெடக்கு?" என்கிறார்.
உள்ளே ஒரு வலைத்துண்டு வைத்துத் தைக்கணும்.
அந்த வலையில் ஏறுவது மீன் இல்லை,
உதறி எடுக்க.

பொதியை விரித்தேன்.
நாடாவில் கோடுகள் கறுத்திருந்தன.
உள்ளே வைத்த அட்டையும் கறுப்பு.
தட்டுக்கு அடியில், துணியில்,
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

யாரும் பார்க்கவில்லை.
அஜிதா நூல் எண்ணிக்கொண்டிருந்தாள்.
டாக்டர் கைகளைக் கோர்த்து நின்றார்.
மத்தியானத்துக்குள் இன்னும் மூணு பேர்.
விளக்குச் சூட்டில் கொஞ்ச நேரம் விட்டால்
தானே காயும்.
காய்ந்துவிட்டால்
ஈரம் இருந்ததற்கு நான் மட்டும்தான் சாட்சி.

"பொதி நனைஞ்சிருக்கு, சார்."
தேவைக்கு மேல் சத்தமாய்ச் சொல்லிவிட்டேன்.
எவ்வளவு என்றார்.
இதில் எவ்வளவு கிடையாது என்றேன்.
கையுறையையும் கழற்றினேன்.

அடுத்த பொதி வர இருபது நிமிஷம்.
ஒருவரும் பேசவில்லை, யேசுவடியானைத் தவிர.
ஒட்டுப்பால் விலை,
மழைக்கு மரத்தில் கட்டும் பிளாஸ்டிக் பாவாடை,
சிரட்டையில் மழை விழுந்தால்
அன்றைய பால் போச்சு என்பது.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தார்.
சிவப்பில்லை, சீழில்லை, தொட்டால் சூடில்லை.
ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுவந்திருந்தார்,
டாக்டருக்கு.

அந்த ஈரத்தில் ஏதாவது இருந்ததா?
தெரியாது.
துணி அன்றைக்கே சலவைக்குப் போய்விட்டது.

டாக்டர் ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார்.
கை கழுவி நிற்கிறேன் சார்,
அங்கேயே வையுங்க.