மூன்றாவது தொட்டி

தொட்டியில் செருகியிருந்த அட்டை சொன்னது:
உறைபனி தாங்காது.
குளிர் தொடங்குமுன் வீட்டுக்குள் எடுக்கவும்.

செந்தூல், அடுக்குமாடி, ஏழாவது மாடி.
இந்தக் கட்டடத்தில் உறைபனியைத் தொட்டவன்
நான் ஒருவன்தான்.
செலாயாங் மீன் கிடங்கில் இரவு வேலை.
மைனஸ் பதினெட்டில் இறால் பெட்டி அடுக்குவேன்.
என் மீசையில் அது முளைக்கும்,
பஸ் ஏறியதும் உருகும்.

கேமரன் மலையில் இருபத்து நான்கு வெள்ளிக்கு
இரண்டு சால்வியா.
இலையைக் கசக்கினால் அன்னாசி மணக்கும் வகை.
சமையலுக்கா என்றாள் கடைக்காரி.
பார்க்க, என்றாள் புனிதமலர்.

முதலாவதை ஐந்து மணி மழை கொன்றது.
அடித்துக் கொல்லவில்லை.
வேரில் நின்றுகொண்டு,
வாடகை பாக்கி மாதிரி, மெதுவாக.

இரண்டாவது கறுக்கத் தொடங்கிய அன்று
கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி
மணலில் நான்கு குச்சி ஊன்றினேன்.
மூன்று அழுகின.
ஒன்று, எவருக்கும் சொல்லாமல், வேர் விட்டிருந்தது.

தண்ணீர் சொட்டுகிறதென்று சண்டைக்கு ஏறி வந்த
கீழ்வீட்டுக் கக் ரோஹானி
குச்சியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்,
தன் நாசி லெமாக் கடையின் பழைய பிளாஸ்டிக் விரிப்பைக்
கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.
சண்டை பாக்கி இருக்கிறது.

இடுப்பளவு வளர்ந்தது. பூக்கவில்லை.
அட்டையின் பின்புறம் படித்தேன்:
பகல் குறுகும் பருவத்தில் பூக்கும்.

கோலாலம்பூரில் பகல் எந்த வருடம் குறுகியது?
போதாததற்கு நடைபாதைக் குழல்விளக்கு
விடிய விடிய அதன் தலைக்கு மேல்.
பாவம், இரவென்று ஒன்றைக் கண்டதே இல்லை செடி.
நானோ இரவை விற்றுச் சாப்பிடுகிறவன்.

ஜிப் போன என் பழைய கிடங்கு ஜாக்கெட்டை
நான்கு கம்பு நட்டு அதன்மேல் போர்த்தினேன்.
மாலை ஆறரைக்கு, வேலைக்குக் கிளம்பும்போது.
காலை எட்டுக்கு வந்து எடுப்பேன்.
உனக்கு விடிந்தது, நான் படுக்கிறேன்.

"செடிக்குக் காய்ச்சலா அங்கிள்?"
பக்கத்து வீட்டு வேதாஷினி,
பள்ளிப் பையோடு.

ஐந்தாம் வாரம் குழல்விளக்கு தானாகவே போயிற்று.
நிர்வாகத்துக்கு நான் எழுதுகிறேன் என்று
எல்லாருக்கும் சொன்னேன்.
எழுதவில்லை.

நேற்றுக் காலை நுனியில் ஒரு சிவப்பு.
தீக்குச்சித் தலை அளவு.
ஜாக்கெட்தான் என்கிறாள் புனிதமலர்.
விளக்காகவும் இருக்கலாம்.
இரண்டும் இல்லாமல்
அதற்கே தோன்றியும் இருக்கலாம்.

விரல்கள் இன்னும் மரத்திருந்தன.
தொட்டேன், தொட்டது தெரியவில்லை.
கையை மூக்கருகே கொண்டுபோனேன்.
அன்னாசி.